நகரும் மேடைக்கேற்ற காற்றுக் குழாய்

காற்றைக் கண்ணால் காண முடியாது. ஆனால், அதற்கும் எடை உண்டு. ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோகிராம். அக்காற்றைக் கலனுக்குள் அடைத்து அழுத்தினால் அது வேலை செய்யும் ஆற்றலைப் பெறுகிறது. பேருந்தின் கதவைத் திறப்பதும், பட்டறையில் சக்கரத் திருகாணியைக் கழற்றுவதும், பல் மருத்துவரின் துளைப்பானைச் சுழற்றுவதும் இவ்வாறு அழுத்தப்பட்ட காற்றே. மின்சாரத்தைக் கம்பி கொண்டு செல்வதுபோல் இந்தக் காற்றைக் கொண்டு செல்வது குழாய்.

மலாக்கா நகருக்கு வடமேற்கே, மலாக்கா நீரிணையின் கரையில் அமைந்துள்ள ஊர் தஞ்சோங் கிளிங். ஒரு காலத்தில் மலாக்கா மாநிலத்தின் உட்பகுதிகளில் இரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடந்தன. இன்று தஞ்சோங் கிளிங் வட்டாரத்தில் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. சற்றுத் தள்ளி, சுங்கை ஊடாங் பகுதியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் அதன் பெரிய சேமிப்புக் கலன்களும் உள்ளன. இத்தகைய இடங்களில் கூரைச் சட்டங்களுக்கு வண்ணம் பூசுவதற்கும், கலன்களின் துருவை நீக்குவதற்கும், உயரத்தில் திருகாணிகளை முடுக்குவதற்கும் நகரும் பணிமேடைகள் தேவைப்படுகின்றன. மேடை உயரும்போது காற்றும் உடன் உயர வேண்டும். அதற்கு எந்தக் குழாயைப் பயன்படுத்துவது?

‘எது எடை குறைவோ அதுவே நல்லது’ என்பது பலரின் முதல் பதில். அது பாதி உண்மை மட்டுமே. மீதிப் பாதியை அறியாமல் குழாயைத் தெரிவு செய்தால் அது தொழிலாளியின் கையையோ கண்ணையோ பறித்துவிடக்கூடும்.

மேடையில் எடை ஏன் முக்கியம்?

நகரும் பணிமேடைகள் பல வகைப்படும். சக்கரம் பூட்டிய சாரம் ஒரு வகை. கத்தரிக்கோலைப் போல் குறுக்கும் நெடுக்குமாக மடிந்து விரியும் கால்களைக் கொண்ட கத்தரி மேடை மற்றொரு வகை. நீண்ட கையின் நுனியில் கூடையைத் தாங்கி நிற்கும் மேடை இன்னொரு வகை. இவை ஒவ்வொன்றும் எவ்வளவு எடையைத் தாங்கும் என்பது மேடையிலேயே எழுதப்பட்டிருக்கும். அந்த அளவில் ஆட்களின் எடை, கருவிகளின் எடை, பொருள்களின் எடை ஆகிய அனைத்தும் அடங்கும். பின்னர்ப் பொருத்தப்படும் குழாயின் எடையையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். ஒரு கத்தரி மேடை 230 கிலோகிராம் தாங்கும் என்று கொள்வோம். தலைக்கு 75 கிலோகிராம் எடையுள்ள இரண்டு தொழிலாளர்கள் ஏறினால் 150 கிலோகிராம் ஆகிவிடும். வண்ணக் கலன்களும் தெளிப்பான்களும் பிற கருவிகளும் 60 கிலோகிராம் என்றால் எஞ்சுவது 20 கிலோகிராம். மேடையின் கைப்பிடிச் சட்டத்தை ஒட்டி 7 மீட்டர் நீளத்திற்குக் குழாய் அமைக்க வேண்டும். துத்தநாகம் பூசிய முக்கால் அங்குல இரும்புக் குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ 1.7 கிலோகிராம் எடையுள்ளது. ஆகவே, 7 மீட்டர் குழாய் சுமார் 12 கிலோகிராம். இணைப்புகளையும் அடைப்பான்களையும் சேர்த்தால் எஞ்சிய 20 கிலோகிராமில் பெரும்பகுதி குழாய்க்கே சென்றுவிடும்.

அதே வேலைக்கு ஏறக்குறைய அதே அளவுள்ள செம்புக் குழாய் சுமார் 5 கிலோகிராம் இருக்கும். 25 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 1.5 மில்லிமீட்டர் சுவரும் உடைய அலுமினியக் குழாயாக இருந்தால் 2 கிலோகிராமைச் சற்றே தாண்டும். இரும்பின் அடர்த்தி நீரைப்போல் ஏறக்குறைய எட்டு மடங்கு. அலுமினியத்தின் அடர்த்தி 2.7 மடங்குதான். எடை வேறுபாட்டிற்கு இதுவே முதன்மைக் காரணம். அலுமினியக் குழாயின் சுவர் மெல்லியதாக இருப்பது மற்றொரு காரணம்.

எடையோடு அது இருக்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். தரையில் கிடக்கும் 10 கிலோகிராமும் உயரத்தில் தொங்கும் 10 கிலோகிராமும் ஒன்றல்ல. எடை மேலே செல்லச் செல்ல மேடையின் ஈர்ப்பு மையமும் மேலே செல்கிறது. குழாய் ஒரு பக்கமாகத் தொங்கினால் அது மேடையை அப்பக்கம் இழுக்கிறது. காற்று வீசும் கடற்கரையில் இத்தகைய சிறு இழுப்பையும் பொருட்படுத்தாமல் விட முடியாது.

குழாய்க்குள் உறங்கும் ஆற்றல்

தொழிற்கூடங்களில் காற்றழுத்தம் பெரும்பாலும் 7 பார் அளவில் வைக்கப்படுகிறது. இதனை 700 கிலோபாஸ்கல் என்றும் கூறுவர். அதாவது, குழாயின் உட்சுவரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறக்குறைய 7 கிலோகிராம் எடை அழுத்திக்கொண்டிருப்பதற்கு இது சமம். 22 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயின் முனையை ஒரு மூடி அடைத்திருந்தால், அந்த மூடியைக் காற்று சுமார் 27 கிலோகிராம் விசையோடு வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்.

வீட்டுக்கு நீர் கொண்டுவரும் குழாயிலும் அழுத்தம் உண்டு. அப்படியிருக்க, நீர்க்குழாயைக் காற்றுக்குப் பயன்படுத்தினால் என்ன தவறு? விடை நீருக்கும் காற்றுக்கும் உள்ள வேறுபாட்டில் இருக்கிறது. நீரை எவ்வளவு அழுத்தினாலும் அதன் பருமன் குறைவதில்லை என்றே கூறலாம். ஆகவே, நீர்க்குழாய் வெடித்தால் அழுத்தம் நொடியில் அடங்கிவிடும். நீர் ஒழுகும், அவ்வளவுதான். காற்று அவ்வாறன்று. 7 பார் அழுத்தத்தில் அது எட்டில் ஒரு பங்காகச் சுருங்கி, அழுத்தி வைத்த சுருள்வில்லைப்போல் காத்திருக்கிறது. குழாய் வெடிக்கும் நொடியில் அது மீண்டும் எட்டு மடங்காக விரியத் துடிக்கிறது.

கணக்கிட்டுப் பார்த்தால், 7 பார் அழுத்தத்தில் உள்ள ஒரு லிட்டர் காற்று வெடித்து விரியும்போது 500 ஜூலுக்கும் மேற்பட்ட ஆற்றலை வெளியிடும். 10 கிலோகிராம் அரிசி மூட்டையை 5 மீட்டர் உயரத்திற்குத் தூக்கப் போதுமான ஆற்றல் அது. அதே அழுத்தத்தில் ஒரு லிட்டர் நீர் சேர்த்து வைக்கும் ஆற்றல் ஒரு ஜூலில் பத்தில் ஒரு பங்கு அளவே. ஆயிரக்கணக்கான மடங்கு வேறுபாடு இது. புதிய குழாய்களின் உறுதியைச் சோதிக்கும்போது பொறியாளர்கள் கூடுமானவரை காற்றைத் தவிர்த்து நீரைப் பயன்படுத்துவதற்கும் இதுவே காரணம்.

எனவே, காற்றுக் குழாயைத் தெரிவு செய்பவர் ‘இது எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும்?’ என்று கேட்பதோடு நின்றுவிடக்கூடாது. ‘தாங்க முடியாத நேரத்தில் இது எப்படி உடையும்?’ என்றும் கேட்க வேண்டும்.

மலையைக் குடைந்த காற்று

நகரும் மேடைக்குக் காற்றைக் கொண்டு செல்லும் சிக்கல் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1857ஆம் ஆண்டில் பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் பிரேஜுஸ் தொடர்வண்டிச் சுரங்கத்தைத் தோண்டும் பணி ஆல்ப்ஸ் மலையில் தொடங்கியது. சுமார் 13 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சுரங்கத்தைக் கையாலேயே குடைந்தால் பல பத்தாண்டுகள் பிடிக்கும் என்று அஞ்சப்பட்டது. பொறியாளர் ஜெர்மைன் சொம்மெய்யே நீர்விசையால் காற்றை அழுத்தி, அந்தக் காற்றால் இயங்கும் துளைப்பான்களை 1861ஆம் ஆண்டில் அங்குப் பயன்படுத்தத் தொடங்கினார்.

துளைப்பான்கள் பல, தண்டவாளத்தில் நகரும் ஒரு வண்டியின்மேல் பொருத்தப்பட்டிருந்தன. பாறையைத் துளைக்கும்போது வண்டி முன்னே செல்லும். வெடிமருந்து வெடிக்கும்போது பின்னே வரும். சுரங்க வாயிலிலிருந்து காற்றைக் கொண்டு வந்தது அசையாத இரும்புக் குழாய். அந்தக் குழாயின் முனைக்கும் அசையும் வண்டிக்கும் இடையே வளைந்து கொடுக்கும் குழாய்கள் தேவைப்பட்டன. அசையாத இடத்தில் உறுதியான குழாய், அசையும் இடத்தில் வளையும் குழாய் என்னும் அடிப்படை விதி அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டது. சுரங்கம் 1871ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது.

வளையும் குழாய்க்கு வழிவகுத்தது இரப்பர். 1839ஆம் ஆண்டில் சார்ல்ஸ் குட்இயர் இரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி, வெயிலில் உருகாமலும் குளிரில் விறைக்காமலும் இருக்கச் செய்யும் முறையைக் கண்டறிந்தார். அக்காலத்தில் இரப்பர், தென்னமெரிக்கக் காடுகளில் வளர்ந்த மரங்களிலிருந்து எடுக்கப்பட்டது. 1876ஆம் ஆண்டில் பிரேசிலிலிருந்து இலண்டனுக்குக் கொண்டு செல்லப்பட்ட விதைகளிலிருந்து வளர்ந்த கன்றுகளுள் 22 கன்றுகள் 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூரை வந்தடைந்தன. அடுத்த இருபதாண்டுகளுக்குள், 1896ஆம் ஆண்டில், மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் இரப்பர் பயிரிட்டார். மலாயாவின் இரப்பர்த் தோட்டத் தொழிலுக்கு அது தொடக்கமாக அமைந்தது.

பின்னர்த் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் விடியும் முன்னே எழுந்து மரம் சீவிப் பால் எடுத்தனர். அந்தப் பால் உலகெங்கும் சக்கரங்களாகவும் குழாய்களாகவும் உருமாறியது. இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் தொழிற்கூடங்களில் காற்றுக் குழாயைக் கையில் எடுக்கும்போது, தாத்தா பாட்டியின் உழைப்போடு உறவுடைய பொருளையே எடுக்கின்றனர்.

உலோகக் குழாய்கள்

துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் தொழிற்கூடங்களில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. அது வலிமையானது; அடிபட்டாலும் எளிதில் உடையாது. எனினும், நகரும் மேடைக்கு அதன் எடை அதிகம். மேலும், கடலோர ஊர்களில் அதற்கு ஒரு மறைமுகப் பகையும் உண்டு. அதுதான் ஈரம்.

தஞ்சோங் கிளிங் போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊரில் 30 பாகை செல்சியசில் ஒரு கன மீட்டர் காற்றில் 24 கிராம் நீராவி வரை இருப்பது இயல்பே. எட்டு கன மீட்டர் காற்றை ஒரு கன மீட்டராகச் சுருக்கினால் எட்டுப் பங்கு நீராவியும் அதற்குள் அடைபடும். ஆனால், அழுத்தப்பட்ட காற்று மீண்டும் 30 பாகைக்குக் குளிர்ந்ததும், ஒரு கன மீட்டரில் 30 கிராம் நீராவி மட்டுமே தங்க முடியும். எஞ்சிய சுமார் 160 கிராம் நீர்த்துளிகளாகக் குழாய்க்குள் படிந்துவிடும். இந்த நீர் துத்தநாகப் பூச்சை மெல்ல அரித்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்கிறது. உதிரும் துரு தெளிப்பானை அடைத்து, பூசிய வண்ணத்தையும் கெடுக்கிறது.

துருப்பிடிக்காத எஃகுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால், அதன் அடர்த்தியும் விலையும் அதிகம். செம்பு துருப்பிடிக்காது, இரும்பைவிட மெல்லிய சுவரோடு வருவதால் எடையும் குறைவு. எனினும், செம்புக் குழாய்களைப் பெரும்பாலும் தீச்சுடரால் பற்றவைத்தே இணைக்க வேண்டும். எண்ணெய்க் கலன்கள் நிறைந்த இடத்தில் தீச்சுடரைப் பயன்படுத்துவது எளிதன்று. அதோடு, மேடையின் ஓயாத அதிர்வால் செம்பு நாளடைவில் இறுகி, இணைப்புகளின் அருகே விரிசல் விடக்கூடும்.

அலுமினியம் இங்கு முன்னிலை பெறுகிறது. அது காற்றில் பட்டதும் அதன் மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி, உள்ளே அரிக்காமல் காக்கிறது. காற்றுக்கென்றே தயாரிக்கப்படும் அலுமினியக் குழாய்களைத் தீச்சுடர் இல்லாமல் பிடிப்பான் இணைப்புகளால் பொருத்தலாம். வேண்டும்போது கழற்றி மாற்றவும் செய்யலாம். அதன் உட்புறம் வழவழப்பாக இருப்பதால் காற்று தடையின்றிச் செல்லும்.

ஆயினும், அலுமினியமும் குறையற்றதன்று. அது மென்மையானது, கனமான பொருள் மோதினால் நசுங்கும். உப்புக் காற்று வீசும் இடத்தில் அது இரும்போடோ செம்போடோ நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால், மின்கலத்தில் நிகழ்வதுபோன்ற வேதிவினை நிகழ்ந்து அலுமினியம் அரிக்கப்படும். ஆகவே, மேடையின் இரும்புச் சட்டத்தில் அலுமினியக் குழாயைப் பொருத்தும்போது இடையே இரப்பர் அல்லது நெகிழித் துண்டு வைப்பது இன்றியமையாதது.

மலிவான குழாயின் விலை

வீட்டு நீர்க்குழாயாகப் பயன்படும் பிவிசி குழாய் எடை குறைந்தது, விலையும் குறைந்தது. எந்த வன்பொருள் கடையிலும் கிடைக்கும். பசை தடவி எளிதில் ஒட்டலாம். அதன்மேல் அச்சிடப்பட்டிருக்கும் அழுத்த அளவு சில வேளைகளில் 7 பாரைவிட அதிகமாகவும் இருக்கும். இதனைக் கண்டு காற்றுக்கும் இதுவே போதும் என்று எண்ணுவோர் உள்ளனர். இங்குத்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

முதலாவதாக, அந்த அளவு நீருக்காகவும், ஏறக்குறைய 23 பாகை செல்சியஸ் வெப்பநிலைக்காகவும் குறிக்கப்படுவது. வெப்பம் ஏற ஏற பிவிசி வலிமை இழக்கும். 43 பாகையில் அதன் தாங்குதிறன் ஏறக்குறைய பாதியாகவும், 60 பாகையில் ஐந்தில் ஒரு பங்காகவும் குறைந்துவிடும். காற்றை அழுத்தும்போது அது சூடாகிறது. நண்பகல் வெயிலில் நிற்கும் மேடையும் சூடாகிறது. இரண்டும் சேர்ந்தால் அச்சிட்ட எண்ணை நம்ப முடியாது.

இரண்டாவதாக, சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் பிவிசி குழாயை நாளடைவில் நொறுங்கும் தன்மையுடையதாக ஆக்குகின்றன. காற்றழுத்தியிலிருந்து வரும் எண்ணெய்த் துகள்களும் அதனைப் பாதிக்கக்கூடும்.

மூன்றாவது காரணமே மிக முக்கியமானது. பிவிசி குழாய் கிழிவதில்லை, கண்ணாடியைப்போல் சிதறுகிறது. சிதறும் கூரிய துண்டுகளைக் காற்றின் ஆற்றல் நாற்புறமும் வீசி எறிகிறது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஓர் ஆலையில் காற்றைக் கொண்டு சென்ற பிவிசி குழாய் வெடித்துத் தொழிலாளி ஒருவரின் கையைக் கிழித்தது. அதன் பின்னர், 1988ஆம் ஆண்டு மே மாதத்தில், அந்நாட்டின் தொழிற்பாதுகாப்பு அமைப்பு தரைக்கு மேலே அமைக்கப்படும் காற்றுக் குழாய்களுக்குப் பாதுகாப்பற்ற பிவிசியைப் பயன்படுத்தக்கூடாது என எச்சரிக்கை வெளியிட்டது.

தொழிற்கூடத்தின் மூலையில் குழாய் வெடித்தால் விலகி ஓடலாம். உயரத்தில், நான்கு புறமும் கம்பி சூழ்ந்த குறுகிய மேடையில் நிற்பவர் எங்கே ஓடுவார்? நகரும் மேடையில் பிவிசி கூடவே கூடாது என்பதற்கு இந்த ஒரு கேள்வியே போதும்.

எல்லா நெகிழிகளும் பிவிசியைப் போன்றவை அல்ல. காற்றுக்கென்றே வடிவமைக்கப்பட்ட சிறப்புப் பாலிஎத்திலின் குழாய்கள் உள்ளன. அலுமினியத்தை நடுவில் வைத்து இருபுறமும் பாலிஎத்திலின் பூசிய பல்லடுக்குக் குழாய்களும் உள்ளன. இவை அளவுக்கு மீறிய அழுத்தத்தில் சிதறாமல் உப்பிக் கிழியும் இயல்புடையவை. அவ்வாறு கிழிந்தாலும் கூரிய துண்டுகள் பறப்பதில்லை. குழாயின்மேல் அது அழுத்தப்பட்ட காற்றுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் குறித்திருக்கிறாரா என்பதைப் பார்த்தே வாங்க வேண்டும்.

அசையும் இடத்தில் நெகிழ்குழாய்

கத்தரி மேடையின் கால்கள் மடிந்து விரியும் இடத்தில் எந்த உறுதியான குழாயும் நிலைக்காது. அங்கே நெகிழ்குழாயே வேண்டும். இன்றைய நெகிழ்குழாய் வெறும் இரப்பர்க் குழல் அன்று; அது மூன்று அடுக்குகளைக் கொண்டது. எண்ணெயைத் தாங்கும் செயற்கை இரப்பர் உள்ளே இருக்கும். அழுத்தத்தைத் தாங்கும் பின்னல் நூல் நடுவே இருக்கும். வெயிலையும் உராய்வையும் தாங்கும் இரப்பர் வெளியே இருக்கும். அரை அங்குல அளவுள்ள இத்தகைய குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ 300 கிராம் எடையிருக்கும். பாலியூரித்தேனால் ஆன சிறு குழாய் அதைவிடவும் எடை குறைவு. 12 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ளது மீட்டருக்கு 100 கிராமைக்கூட எட்டாது.

இங்கும் எடை மட்டுமே அளவுகோலாகிவிடக்கூடாது. குழாயின் விட்டம் பாதியாகக் குறைந்தால், அதே அளவு காற்றைச் செலுத்தும்போது ஏற்படும் அழுத்த இழப்பு ஏறக்குறைய 32 மடங்காகும். மேலே நிற்பவரின் தெளிப்பான் சோர்ந்துபோகும். அதனை ஈடுசெய்யக் கீழே அழுத்தத்தைக் கூட்டினால் மின்சாரச் செலவு ஏறும். குழாயின் மீதான சுமையும் ஏறும். எடையைக் குறைக்க நினைத்து ஆபத்தைக் கூட்டிய கதையாகிவிடும்.

நெகிழ்குழாய்க்கு மற்றோர் இயல்பும் உண்டு. அதன் இணைப்பு கழன்றுவிட்டால், வெளியேறும் காற்றின் விசையால் அது சீறும் பாம்புபோல் துள்ளி அருகிலிருப்பவரை அடிக்கும். இதனைத் தடுக்க, இணைப்பின் இரு பக்கங்களையும் பிணைக்கும் எஃகுக் கம்பி வடம் பொருத்த வேண்டும். குழாய் அறுந்தவுடன் காற்றின் ஓட்டத்தைத் தானாகக் குறைக்கும் அடைப்பானைக் காற்று புறப்படும் இடத்தில் பொருத்துவது இன்னும் நல்லது. அமெரிக்கக் கட்டுமானப் பாதுகாப்பு விதி, அரை அங்குலத்திற்கு மேற்பட்ட உள்விட்டமுள்ள குழாய்களுக்கு இத்தகைய கருவியைக் கட்டாயமாக்கியுள்ளது.

தெரிவு செய்யும் முறை

மேற்கூறியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் நல்ல அமைப்பு ஒன்று தெளிவாகிறது. காற்றழுத்தியும் சேமிப்புக் கலனும் தரையிலேயே இருக்க வேண்டும். அவற்றை மேலே ஏற்றுவதால் எடைதான் கூடும். காற்றிலுள்ள நீரைப் பிரிக்கும் வடிகட்டியையும் கீழேயே வைக்க வேண்டும். தரையிலிருந்து மேடை வரை, நசுங்காத வழியில், தேவையான விட்டமுள்ள நெகிழ்குழாய் செல்ல வேண்டும். மேடையின் சட்டத்தை ஒட்டி அலுமினியம் அல்லது காற்றுக்கேற்ற பல்லடுக்குக் குழாய் அமையலாம். ஒவ்வொரு கருவிக்கும் தனி அடைப்பான் இருத்தல் வேண்டும்.

குழாயைத் தெரிவு செய்பவர் ஐந்து கேள்விகளை வரிசையாகக் கேட்கலாம். இந்தக் குழாய் அழுத்தப்பட்ட காற்றுக்கென்று தயாரிக்கப்பட்டதா? பணியிடத்தின் வெப்பத்திலும் வெயிலிலும் அதன் தாங்குதிறன் எவ்வளவு? உடைந்தால் சிதறுமா, கிழியுமா? தேவையான காற்றைக் கொண்டு செல்லும் விட்டம் அதற்கு உண்டா? இறுதியாக, அதன் எடை மேடையின் கணக்குக்குள் அடங்குமா? எடை ஐந்தாவது கேள்வியாக வருவதைக் கவனிக்க வேண்டும். முதல் நான்கிலும் தேறிய குழாய்களுள் எது எடை குறைந்ததோ அதனையே தெரிவு செய்ய வேண்டும். எடையை முதல் கேள்வியாக வைத்தால் பிவிசி குழாயும் வெற்றி பெற்றுவிடும்.

தெரிவு சரியாக இருந்தாலும், வாடகைக்கு எடுத்த மேடையில் விருப்பம்போல் துளையிட்டுக் குழாய் பொருத்துவது தவறு. துளை சட்டத்தின் வலிமையைக் குறைக்கும். சில தயாரிப்பாளர்கள் காற்றுக் குழாய் பொருத்திய மேடைகளையே விற்கின்றனர். அவ்வாறு இல்லாத மேடையில் மாற்றம் செய்யத் தயாரிப்பாளரின் எழுத்துவழி ஒப்புதலைப் பெறுவதே முறை.

சட்டமும் பொறுப்பும்

மலேசியாவில் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நடைமுறையில் உள்ளது. பாதுகாப்பான இயந்திரங்களையும் பாதுகாப்பான பணிமுறையையும் வழங்குவது முதலாளியின் கடமை என்று அது கூறுகிறது. தன் பாதுகாப்பிலும் பிறர் பாதுகாப்பிலும் கவனம் செலுத்துவது தொழிலாளியின் கடமை என்றும் அது கூறுகிறது. 2024ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் நடப்புக்கு வந்த திருத்தம் மற்றோர் உரிமையையும் சேர்த்தது. உடனடி ஆபத்து உள்ளது என்று நம்புவதற்குத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதனை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகிக்கொள்ளலாம்.

உரிமையைப் பயன்படுத்த அறிவு வேண்டும். மேடையில் நீர்க்குழாய் பொருத்தப்பட்டிருப்பதைக் கண்டு, ‘இது காற்றுக்கு உரியதன்று’ என்று சொல்லத் தெரிந்தவரே தம்மையும் தம் நண்பரையும் காக்க முடியும். பள்ளியில் படிக்கும் அழுத்தம், அடர்த்தி, பருமன் ஆகிய பாடங்கள் தேர்வுத் தாளோடு முடிந்துவிடுவதில்லை. நாளை தொழிற்கூடத்தில் ஒரு குழாயைக் கையில் எடுக்கும்போது அவை மீண்டும் கேள்வியாக எழும்.

எடை குறைந்த குழாய் நல்லதுதான். ஆனால், முதலில் அது மனிதரைக் காக்கும் குழாயாக இருக்க வேண்டும்.

சிந்தித்து விடையளிக

1. ஒரே அழுத்தத்தில் உள்ள நீர்க்குழாயைவிடக் காற்றுக் குழாய் வெடிப்பது ஏன் ஆபத்தானது?

2. பிரேஜுஸ் சுரங்கப் பணியில் பின்பற்றப்பட்ட எந்த விதி இன்றைய நகரும் மேடைகளுக்கும் பொருந்துகிறது?

3. கடலோரத்தில் இரும்பு, அலுமினியம் ஆகிய இரண்டிற்கும் ஏற்படும் பாதிப்புகளை ஒப்பிடுக.

4. குழாயைத் தெரிவு செய்யும் ஐந்து கேள்விகளுள் எடை ஏன் இறுதியில் வைக்கப்பட்டுள்ளது?

5. உம் பள்ளிப் பட்டறையில் அல்லது அருகிலுள்ள வாகனப் பட்டறையில் காற்றுக் குழாய் எப்பொருளால் ஆனது என்று கேட்டறிந்து, அது பொருத்தமானதா என்பதைக் காரணங்களோடு ஒரு பத்தியில் எழுதுக.